இஸ்மே லெண்டோரும் உப்புப் போட்ட தட்டும்

இஸ்மே லெண்டோர் படகில் ஏறி உட்கார்ந்தால் காற்று எழுந்து நின்று தொப்பியைக் கழற்றும். அவள் பாய்க்கயிற்றை ஒரு பிடி இழுத்தால் போதும், பக்கத்துப் படகுகளின் பாய்களிலிருந்த காற்றெல்லாம் வெட்கத்தோடு இறங்கி இவள் பாய்க்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பார்படோஸில் ஒரு தடவை எல்லோரையும் விட அத்தனை தூரம் முந்திப் போய்விட்டாள். கரையேறி, குளித்து, தலை பின்னி, பறக்கும் மீன் ரெண்டு பொரித்துத் தின்று கை கழுவும்போதுதான் இரண்டாவது படகு வந்து சேர்ந்தது.

சரி, கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டது. மீன் பொரிக்கவில்லை. தலை பின்னவும் நேரமில்லை. இரண்டாவது படகு வந்தபோது அவள் பாயை இறக்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் ஜெயித்தாள் என்பதில் பொய் கிடையாது. பார்படோஸில் ஜெயித்தாள், ஆன்டிகுவாவில் ஜெயித்தாள், டிரினிடாடில் ஒரே வாரத்தில் இரண்டு கோப்பை வாங்கினாள். அவள் அம்மா கிளமீனா அந்தக் கோப்பைகளில் பெரியதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். இன்னொன்றில் துணிக் கிளிப்புகள். சான் ஹுவானில் வாங்கிய வெள்ளிப் பதக்கத்தின் நாடாதான் ஆட்டுக்கொட்டில் கதவைக் கட்டியிருந்தது. நல்ல அகலமான நாடா, ஆடு கடித்தாலும் அறுபடாது.

அந்த வீட்டில் இல்லாத கோப்பை ஒன்றே ஒன்று. ஆகஸ்டில் ஹில்ஸ்பரோ குடாவில் நடக்கும் எங்கள் கேரியக்கூ தீவின் சொந்தப் போட்டி, அதில் சிறு படகுக்கான கோப்பை. ஊர் ஊராகப் போய் ஜெயித்துவிட்டு வருபவள், தான் நீந்தப் பழகிய தண்ணீரில் வருஷா வருஷம் தோற்றாள். ஏன் தோற்றாள் என்பது தீவில் எல்லோருக்கும் தெரியும். கிளமீனாவின் காதுபடச் சொல்லத்தான் ஆளில்லை.

இஸ்மேக்கு ஓர் அண்ணன் இருந்தான். லெஸ்ராய். நான்கு வயது மூத்தவன், கால்கள் நீளம், வாய் அதைவிட நீளம். கிளமீனாவின் தம்பி காட்ஃப்ரே படகு கட்டுகிறவர். வெள்ளை சீடர் மரத்தில் இரண்டு பேர் உட்காரும்படி ஒரு சின்னப் படகைக் கட்டி மருமகனிடம் கொடுத்தார். லெஸ்ராய் சுக்கானைப் பிடிப்பான். இஸ்மேயின் வேலை, உள்ளே வரும் தண்ணீரைச் சுரைக்குடுக்கையால் மொண்டு வெளியே கொட்டுவது. ஒன்பது வயதில் தொடங்கினாள். குடுக்கை படகின் அடிப்பலகையில் உரசும் 'சரக் சரக்' சத்தம்தான் அவள் குழந்தைப் பருவத்தின் சத்தம் என்று சொல்ல வேண்டும்.

"இறைடி!"

"கை வலிக்குதுண்ணா."

"கை வலிச்சா காலால இறை. கோழி தண்ணி குடிக்கற மாதிரி இறைக்கற நீ."

"நீ ஒழுங்கா ஓட்டுனா தண்ணி ஏன் உள்ள வருது?"

"படகுன்னா தண்ணி வரும். வேணாம்னா போயி பள்ளிக்கூடத்து பெஞ்சுல உக்காரு, அது நனையாது."

லெஸ்ராய்க்கு ஒரு பழக்கம் இருந்தது. யாரையும் ஒரு தடவைதான் கூப்பிடுவான். இரண்டாம் தடவை கூப்பிட வைத்தால் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு. அந்தக் குட்டுக்குப் பயந்து, 'இஸ்' என்று அவன் வாய் திறக்கும்போதே 'என்ன' என்று சொல்லப் பழகிக்கொண்டாள் அவள். மற்ற பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. எங்கள் தீவில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பது நேர்மாறானது. கடலிலோ பொழுது சாய்ந்த பிறகோ யாராவது உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லாதே, மூன்றாம் தடவை வரைக்கும் பொறு. உயிரோடு இருப்பவர்களுக்கு மூன்று தடவை கூப்பிட மூச்சு உண்டு. மற்றவர்களுக்கு ஒரு தடவைதான். அதற்கு நீ 'என்ன' என்று சொல்லிவிட்டால், அழைத்தது உன்னோடு வந்துவிடும்.

லெஸ்ராய்க்குப் பதினெட்டு வயதாகும்போது ஒரு சனிக்கிழமை மத்தியானம் யூனியன் தீவில் நடனம் இருக்கிறதென்று அந்தப் படகில் தனியாகக் கிளம்பினான். சலவை செய்த சட்டை, பளபளவென்று துடைத்த புது ஷூ. மறுநாள் காலையில் படகு மட்டும் கிடைத்தது. ஹில்ஸ்பரோவுக்கு எதிரே மபூயா என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது, ஆள் கிடையாது, முள்ளும் பாறையும்தான். அந்தக் காலத்துக் கரீப் மக்கள் கெட்ட ஆவிக்கு வைத்திருந்த பெயரை அதற்கு ஏன் வைத்தார்களோ. அதன் பக்கத்தில் படகு சும்மா மிதந்துகொண்டிருந்தது. கவிழவில்லை. பாய் அழகாகச் சுருட்டிக் கட்டியிருந்தது. குறுக்குப் பலகையில் அந்தப் புது ஷூ இரண்டும் ஜோடியாக, மூக்கு கடல் பக்கம் பார்த்தபடி. ஒரு சொட்டுக்கூட நனையாமல்.

மீனவர்கள் தேடினார்கள். பக்கத்துத் தீவுக்காரர்களும் தேடினார்கள். கடல் ஒன்றும் கொடுக்கவில்லை. இறந்தவருக்குச் செய்யும் ஒன்பதாம் இரவுச் சடங்குக்கு என்ன ஏற்பாடு என்று கேட்க வந்த பெண்களை கிளமீனா வாசலிலேயே நிறுத்தினாள்.

"எதுக்கு ஒன்பதாம் இரவு? யார் செத்தா இங்க?"

கிளமீனா வாசலை விட்டு நகரவில்லை.

"ஷூவக் கழட்டி வச்சிட்டுப் போனவன் திரும்பி வந்து மாட்டிக்கறதுக்குத்தான் வச்சிட்டுப் போவான். சாகப்போறவன் எவன்டி ஷூவக் கழட்டி ஜோடி சேத்து வச்சிட்டுச் சாவான்? வீட்டுக்குப் போங்க."

வந்தவர்கள் போய்விட்டார்கள். பூசையும் நடக்கவில்லை, கல்லறைக் கல்லும் நடவில்லை. அன்று சாயங்காலமே கிளமீனா மேசையில் லெஸ்ராய் உட்காரும் இடத்தில் ஒரு தட்டு நிறையச் சோறு வைத்து, இன்னொரு தட்டால் மூடினாள். தாமதமாக வரும் பிள்ளைக்கு எந்த வீட்டிலும் செய்வதுதான். காலையில் அதை எடுத்துப் பன்றிக்குப் போட்டாள். சாயங்காலம் மறுபடி வைத்தாள். சோளக்களி, துவரை, மீன், சில நாள் சங்குக் கறி. லெஸ்ராய்க்கு உப்புத் தூக்கலாக இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை கூடவே போட்டாள்.

எங்கள் ஊரில் இறந்தவர்களுக்குத் தட்டு வைக்காத வீடு கிடையாது. ஆனால் அந்தத் தட்டில் உப்பு இருக்காது. ஓர் அறையில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, உப்பில்லாமல் சமைத்ததை வைத்து, தண்ணீரும் ரம்மும் ஒரு மெழுகுவத்தியும் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். உப்பை இறந்தவர்களால் தொட முடியாது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவந்த பழைய ஆட்களில் உப்புத் தின்னாதவர்கள் உடம்பு லேசாகி ஒரு நாள் கடல் மேலாகப் பறந்து ஊர் திரும்பிவிட்டார்கள், உப்புத் தின்றவர்கள் கனத்துப்போய் இங்கேயே கரும்பு வெட்டிக்கொண்டு கிடந்தார்கள் என்று சொல்வார்கள். நாங்கள் எல்லாம் உப்புத் தின்றவர்களின் பிள்ளைகள்.

அந்தப் படகை இஸ்மே ஓட்ட ஆரம்பித்தது அவளாக ஆசைப்பட்டு அல்ல. அம்மாவின் உத்தரவு.

"படகு காஞ்சா பலகை பிளந்துரும். அவன் வந்து 'எங்கம்மா என் படகு'ன்னு கேட்டா நான் என்ன சொல்றது? நீ அதத் தண்ணியில போட்டு ஓட்டிக்கிட்டே இரு."

அப்படி ஓட்டினாள். பதினாறு வயதில் அந்தப் படகையே ஆகஸ்ட் போட்டியில் இறக்கினாள். இரண்டு பேர் போக வேண்டிய படகு. காணாமல்போனவனின் படகில் கூட வர ஒரு பெண்ணும் சம்மதிக்கவில்லை. எடைக்கு ஒரு மூட்டை மணல் ஏற்றிக்கொண்டு தனியாகவே கிளம்பினாள். ஹில்ஸ்பரோ துறையிலிருந்து புறப்பட்டு, கொண்டல் காற்று முதுகில் தள்ள, மபூயா பக்கத்து மிதவை வரை ஓடி, அதைச் சுற்றிக்கொண்டு காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து திரும்ப வேண்டும். போகும்போது எவரும் அவளை நெருங்க முடியவில்லை. மிதவைக்கு முதலில் வந்தது அவள்தான். சுக்கானைத் தள்ளிப் படகைத் திருப்பினாள்.

"இஸ்மே!"

"என்ன?" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். முள்ளும் பாறையும். அடுத்த படகு ரொம்பத் தூரத்தில் இருந்தது.

அதன் பிறகு படகு அவள் சொன்னபடி கேட்கவில்லை. பின்பக்கம் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தது போலத் தாழ்ந்தது. விளிம்புக்கு வெளியே முதுகைச் சாய்த்துத் தொங்கி, முழு பலத்தையும் கொடுத்தாள். கணுக்கால் நனைந்தது. எங்கிருந்து என்று தெரியாமல் உள்ளே தண்ணீர். ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் குடுக்கை. ஒவ்வொரு படகாக அவளைத் தாண்டிப் போயிற்று. கரையேறியதும் காட்ஃப்ரே படகைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவிப் பார்த்தார். ஒரு ஊசி நுழைய இடமில்லை.

"எவனாவது உன்னக் கூப்பிட்டானாடி அங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

இஸ்மே தலையைக் குனிந்துகொண்டாள்.

"பதில் சொல்லிட்டியா?"

"வாய்ல வந்துருச்சு மாமா."

காட்ஃப்ரே இடுப்பிலிருந்த குப்பியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். எங்கள் ஊர் ரம் அத்தனை கடுமையானது, பனிக்கட்டி போட்டால் அதிலேயே மூழ்கிவிடும். அதைக் குடித்தும் அவர் முகம் வெளுத்தே இருந்தது.

பிறகு அவளுடைய நல்ல காலம் வந்தது. கிரெனடாவிலிருந்து பாய்ப்படகு கிளப்காரர்கள் வந்து பார்த்து, ஒரே ஆள் ஓட்டும் ஃபைபர் படகில் அவளை ஏற்றினார்கள். அந்தப் படகுகள் யாருடையவையும் அல்ல. அவற்றில் யாரும் ஷூ கழற்றி வைத்ததில்லை. அதில் அவள் பறந்தாள். காற்று எந்த மூலையில் சுழித்து வருகிறது என்பதை அவள் முகத்தால் அல்ல, பிடரி மயிரால் அறிவாள் என்று மற்ற தீவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு ஊராகப் போனாள், மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பும் கையில் கோப்பையுமாக வந்தாள். முழங்கால் தேய்ந்தது. இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. ஆகஸ்ட் வந்தால் மட்டும் அம்மா கழுவித் துடைத்து வைத்த அந்தப் பழைய படகு, அந்த மிதவை, அந்த ஒரு குரல். என்ன என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு போவாள். பல் இடுக்கு வழியாக வந்துவிடும்.

பெத்தி மார்ட்டினீக் தீவின் ஜசிந்தா பெல்மார் என்கிற அவளது போட்டிக்காரி, வருஷா வருஷம் அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு வார்த்தை விடாமல் போகமாட்டாள்.

"வெளியூர்ல ராணி, உள்ளூர்ல ஆயா. உன் மணல் மூட்டைக்கு ஒரு துடுப்பக் குடுடி, அதாவது உதவும்."

"அடுத்த வருஷம் பாத்துக்கறேன் போடி."

"நீ அடுத்த வருஷம்னு சொல்லிச் சொல்லித்தான் எங்கம்மா கோப்பை வைக்கப் புது அலமாரி செஞ்சிருக்கா."

கனவு வர ஆரம்பித்தது எப்போது என்று இஸ்மேக்கு நினைவில்லை. லெஸ்ராய் சமையலறை வாசலில் நிற்பான். சலவைச் சட்டை உடம்போடு ஒட்டியிருக்கும், தரையில் தண்ணீர் சொட்டும். மேசையையே பார்ப்பான். 'பசிக்குது இஸ்மே' என்பான். அவ்வளவுதான். கனவில் வந்து சாப்பாடு கேட்பது யார் என்று எங்கள் தீவில் கைக்குழந்தைக்கும் தெரியும். உயிரோடு இருப்பவன் கதவைத் தட்டிக் கேட்பான்.

அதை அம்மாவிடம் சொல்வதும், உன் மகன் செத்துவிட்டான் என்று சொல்வதும் ஒன்றுதான். அதனால் மாமாவிடம் சொன்னாள். காட்ஃப்ரே ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"தெனமும் தட்டு வைக்கறாளே உங்கம்மா. அப்புறம் என்ன பசி அவனுக்கு?"

"நானும் அதத்தான் மாமா யோசிக்கறேன்."

இழைப்புளி நின்றது.

"உப்பு," என்றார் காட்ஃப்ரே. "உப்புப் போட்டுல்ல வைக்கறா. எத்தன வருஷமா அவன் அந்த மேசை முன்னால நின்னு சோத்தப் பாத்துட்டே இருக்கான். வாசனை வருது, வாயில வைக்க முடியல. பாவி, எனக்கு இது தோணவே இல்லையே."

"நீங்க சொல்லுங்க மாமா."

"நானா? உங்கம்மாகிட்டயா? அவ கையில எப்பவும் மீன் வெட்டற கத்தி இருக்கும்டி. நீ வெள்ளிப் பதக்கம் வாங்குனவ, நீ சொல்லு."

அப்போதிலிருந்து இஸ்மேக்குக் கோப்பை ஒரு பொருட்டாகப் படவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு சாயங்காலம், அந்தத் தட்டில் உப்பில்லாமல் இருக்க வேண்டும். அண்ணன் வயிறு நிறைந்து கிளம்பிப் போக வேண்டும். அதைத் தன் கையாலேயே செய்துவிடலாம் என்று பார்த்தாள். அம்மா சந்தைக்குப் போன நாளில் சோளக்களி கிண்டி, துவரை வேகவைத்து, மீனை உப்பில்லாமல் சுட்டுத் தட்டில் வைத்து மூடினாள். கிளமீனா வந்தாள். தட்டைத் திறந்தாள். விரலால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தாள்.

"யாருக்குச் சமைச்ச இத?"

"அண்ணனுக்குத்தாம்மா."

"எந்த அண்ணனுக்கு? எனக்கு ஒரு மகன்தான் இருக்கான். அவன் உப்புத் திங்கறவன்."

தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்ப் பன்றிக்குக் கொட்டினாள். பிறகு உலை வைத்து, எல்லாவற்றையும் மறுபடி சமைத்தாள். உப்பு டப்பாவைத் திறந்து, மகள் பார்க்கும்படி, ஒரு கைப்பிடி போட்டாள். அன்று கனவில் லெஸ்ராய் வாசலில் நிற்கவில்லை. இஸ்மேயின் கட்டில் பக்கத்தில் நின்றான்.

முப்பத்தொன்றாவது வயதில், இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு இஸ்மே ஆகஸ்ட் போட்டியில் படகை இறக்கினாள். முழங்கால் இனி தாங்காது. அந்த வருஷம் அவள் ஒரு முடிவோடு வந்திருந்தாள்: பதில் சொல்லப்போவதில்லை. வாயில் ஒரு துணியைச் சுருட்டி வைத்துக் கடித்துக்கொண்டாள்.

காட்ஃப்ரே நடுவர் படகில் கொடியோடு நின்றார். கிளமீனா எப்போதும் போலக் குடை பிடித்துத் துறையின் நுனியில் நின்றாள். அவள் பார்ப்பது படகுகளை அல்ல, அவற்றுக்கு அப்பால்.

மிதவைக்கு இஸ்மேதான் முதலில் வந்தாள், ஜசிந்தா சற்றுப் பின்னால். படகு திரும்பியது.

"இஸ்மே!"

துணியைக் கடித்தாள். பாய்க்கயிற்றை இழுத்தாள்.

படகு லேசாகவே இருந்தது. அவ்வளவுதான், தப்பித்தோம் என்று நினைத்தாள். பாய் நிறைந்தது. அப்போது, உயிரோடு இருந்த காலத்தில் லெஸ்ராய் ஒரு தடவையும் செய்யாததைச் செய்தான். இரண்டாம் தடவை கூப்பிட்டான். குரல் மபூயாவிலிருந்து வரவில்லை. மணல் மூட்டை இருந்த இடத்திலிருந்து வந்தது.

அவள் திரும்பவில்லை. உச்சந்தலையில் அந்தக் குட்டு விழுமா என்று தோள்கள் தாமாகக் குறுகின.

பிறகு சரக் சரக் என்று சத்தம் தொடங்கியது. குடுக்கை அவள் காலடியில் கிடந்தது, அவள் கண்ணெதிரே, அசையாமல். ஆனாலும் பின்னால் யாரோ இறைத்துக்கொண்டிருந்தார்கள். நிதானமாக, விடாமல், வேலை தெரிந்த கை. தண்ணீர் வெளியே போகவில்லை. உள்ளே வந்தது. கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால். இத்தனை வருஷம் நீ இறைத்தாய், இது என் முறை என்பது போல. இஸ்மே துணியைத் துப்பிவிட்டு, "அண்ணா, வேணாம்ணா!" என்று கத்தினாள். சரக் சரக். படகு ஒரு பெருமூச்சு விட்டு அவளுக்குக் கீழே இறங்கியது. பாய் அவள் மேல் ஈரமாகப் படுத்தது.

பாய்க்கு அடியிலிருந்து அவளை முடியைப் பிடித்து இழுத்தது ஜசிந்தா. ஜெயிக்க வேண்டிய போட்டியை விட்டுவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஏறுடி. கைய விடாத. ஏறு."

உள்ளே விழுந்து இருமினாள் இஸ்மே. ஜசிந்தா துறை நெருங்கியதும், முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"உன் பேர யாரோ கூப்பிட்டாங்க. ரெண்டு தடவ."

"உனக்கும் கேட்டுச்சா?"

"எனக்கு எதுவும் கேக்கல. நான் வீட்டுக்குப் போறேன். கோப்பைய யாருக்கு வேணா குடுத்துக்கச் சொல்லு."

காட்ஃப்ரேயும் மற்றவர்களும் மூழ்கிய படகைக் கயிறு கட்டி இழுத்து வந்து மணலில் கவிழ்த்தார்கள். அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பலகை ஒன்றுகூடப் பிளந்திருக்கவில்லை. காய்ந்த அரிசி கொட்டி வைத்தாலும் ஒரு மணி கீழே சிந்தாது. கிளமீனா வந்தாள். குடையைத் துறையிலேயே போட்டுவிட்டு, இடுப்பு வரை தண்ணீரில் நடந்து வந்திருக்கிறாள். மகன் போன நாளிலிருந்து கடலில் கால் வைக்காதவள். பாவாடை காலைச் சுற்றி ஒட்டியிருந்தது. அவள் படகைப் பார்க்கவில்லை. மணலில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள்.

"தண்ணி எப்பிடி வந்துச்சு?"

இஸ்மேக்கு இனி மறைத்து வைக்கத் தெம்பில்லை.

"அவன் இறைச்சு ஊத்துனாம்மா."

கூட்டத்தில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். கிளமீனா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஏன்?"

"பசிக்குதாம். எத்தனையோ வருஷமா எங்கிட்டக் கேட்டுட்டே இருக்கான். நான் உங்கிட்டச் சொல்லல."

"நான் தெனமும் வைக்கறேனே."

"உப்புப் போட்டு வைக்கறம்மா."

காட்ஃப்ரே அடிக்கண்ணால் அக்காவின் கையைப் பார்த்தார். கத்தி இல்லை. கிளமீனாவின் குரல் மகளுக்குக் கேட்கும் அளவுக்குத்தான் வந்தது.

"என் கனவுலயும் வர்றான்டி. நனைஞ்சுபோயி வர்றான். எங்கிட்ட மட்டும் எதுவும் கேக்க மாட்டேங்கறான். முதுகக் காட்டிட்டு நிக்கறான். எம்மேல என்ன கோவமோன்னு நெனச்சேன்."

திரும்பி வீட்டை நோக்கி நடந்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. படகைக் கோடரியால் பிளப்பாளா, மகளை வீட்டைவிட்டுத் துரத்துவாளா, மறுபடி அதே தட்டை வைப்பாளா? இஸ்மே உடை மாற்றாமலே பின்னால் போனாள்.

சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கிளமீனா சோளமாவைக் கொட்டிக் கிண்டினாள். இன்னொரு சட்டியில் துவரை கொதித்தது. மீனைக் கழுவி, நிதானமாக, முள்ளெல்லாம் நீக்கினாள். சின்ன வயதில் லெஸ்ராய்க்கு ஒரு தடவை தொண்டையில் முள் சிக்கியது உண்டு. இஸ்மே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். களி இறுகியது. கிளமீனாவின் வலது கை, அவளைக் கேட்காமலே, அலமாரியில் இருந்த உப்பு டப்பாவுக்குப் போயிற்று. மூடியைத் தொட்டது. அங்கேயே நின்றது.

அடுப்பில் துவரை பொங்கி வழிந்தது. கிளமீனா கையை இழுத்து, முன்துணியில் துடைத்தாள். நனையாத கையை மறுபடி மறுபடி துடைத்தாள்.

"போயி உம்மாமனக் கூப்பிடு," என்றாள். "குப்பியோட வரச் சொல்லு. மேசை மேல போடற வெள்ளத் துணி பெட்டியில அடியில இருக்கு."

செய்தி எப்படிப் பரவியதோ, பொழுது சாய்வதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. யாரும் யாரையும் அழைக்கவில்லை. ஒருத்தி மெழுகுவத்தி கொண்டுவந்தாள், ஒருத்தி புளிச்சைப்பூ பானம். லெஸ்ராயின் அறையில் மேசை போட்டுத் துணி விரித்தார்கள். கிளமீனாவே தட்டைக் கொண்டுபோய் வைத்தாள். மூடவில்லை. பக்கத்தில் தண்ணீர், ரம், மெழுகுவத்தி. கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த ஷூ ஜோடியை எடுத்து, தூசி தட்டி, மேசைக்குக் கீழே வைத்தாள். இந்தத் தடவை மூக்கு வாசல் பக்கம்.

கதவைச் சாத்துவதற்கு முன் வீட்டின் இறந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அது காட்ஃப்ரேயின் வேலை. வாசற்படியில் நின்று ஒரு கை தண்ணீர் தெளித்து, ஒரு கை ரம் தெளித்தார்.

"தியடோரா பாட்டி, வாங்க. சிரிலஸ் தாத்தா, வாங்க, குடிச்சிட்டு சண்டை போடாம சாப்பிடுங்க. எங்க அப்பா எபனேசர், வாங்க. சித்தி மெல்வினா, உங்களுக்குப் பிடிச்ச துவரை இருக்கு. இஸ்மேயோட அப்பா நார்மன், டிரினிடாட்ல புதைச்சாலும் இங்க வந்துருங்க, வழி தெரியும்ல..."

முற்றத்தில் ஒருவர் இருவர் சிரித்தார்கள். காட்ஃப்ரே ஒவ்வொரு பெயருக்கும் தெளித்துக்கொண்டே போனார். பிறகு அவர் குரல் இறங்கியது. அக்காவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். குப்பியில் இன்னும் மிச்சமிருந்தது. காட்ஃப்ரேக்கு அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அக்கா இவ்வளவு தூரம் வந்ததே பெரிது, இதற்கு மேல் அவளை வதைக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். குப்பியை மூடினார்.

"அவ்வளவுதான். எல்லாரையும் கூப்பிட்டாச்சு. கதவச் சாத்துங்க."

கிளமீனா கதவின் மேல் கையை வைத்தாள். சாத்தவில்லை.

"எல்லாரையும் கூப்பிடல, காட்ஃப்ரே. என் மகன் லெஸ்ராய விட்டுட்ட."